சும்மா நிற்கிற வேலை!

"உனக்கென்னப்பா, ஏ.சி.யில் சும்மா நிற்கிற வேலை!"

பி.காம். முடித்த கையோடு, பார் வைத்த ஓட்டல் ஒன்றில் சூப்பர்வைசராக இருந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். சொல்கிறவர் பெரும்பாலும் மூன்றாவது ரவுண்டில் இருப்பார். பதில் சொன்னால் ஐந்தாவது ரவுண்டு வரை விவாதம் போகும். சிரித்து வைப்பேன்.

சும்மா நிற்பதில்தான் சார், சிக்கலே! கெண்டைக்காலை 'இரண்டாவது இதயம்' என்கிறார்கள் டாக்டர்கள். நடக்கும்போது அந்தச் சதை சுருங்கி, காலில் இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். திரும்ப இறங்காமல் தடுக்க, ரத்தக் குழாய்க்குள் குட்டிக் குட்டி வால்வுகள். அசையாமல் நின்றால் பம்ப் ஸ்டிரைக்! பாதம் வீங்கும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் வால்வு பழுதாகி, நரம்புச் சுருட்டல் வரலாம். தட்டு ஏந்தி ஓடுகிற சர்வருக்காவது பம்ப் ஓடும். டை கட்டி, கையைப் பின்னால் கோத்து நிற்கிற சூப்பர்வைசருக்கு அதுவும் இல்லை.

நிற்பதோடு விடுவார்களா? பீர் லோடு வரும் நாளில் ஒரு பையன் லீவு போட்டிருப்பான். 650 மில்லி பாட்டில் பன்னிரண்டு கொண்ட பெட்டி, கண்ணாடியோடு சேர்த்து ஏறத்தாழ 14 கிலோ. "சார், ஒரு கை பிடிங்க!" கிச்சனுக்குள் சித்திரை, ஹாலில் மார்கழி, நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டையும் பார்க்கலாம். கடை மூடியதும் அலமாரிக்கு அடியில் குனிந்து பாட்டில் எண்ண வேண்டும். ஸ்டாக் டேலி ஆகும். இடுப்பு ஆகாது!

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2018-ல் கேரளாவும், 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. கேரளாவில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. எங்கள் பாரிலும் ஒரு ஸ்டூல் உண்டு. மேல் தட்டு பாட்டிலை ஏறி எடுப்பதற்கு!

நின்று பிழைக்கிற நண்பர்களுக்கு நாலு விஷயம். அரை மணிக்கு ஒரு தரம், இருபது முறை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். மேஜைக்குப் பின்னால் செய்தால் யாருக்கும் தெரியாது. பெட்டி தூக்கும்போது இடுப்பை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள். ஷூவை மாலையில் வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும்போது எடுத்த அளவுதான் ராத்திரி வரை கடிக்காது. வீட்டுக்குப் போனதும் தலையணை மேல் காலை உயர்த்திப் படுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. டிப்ஸ் குறைந்தால்கூடப் பரவாயில்லை. லாஸ்ட் ஆர்டர் முடிந்ததும் எழுந்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும். நீங்கள் எழுந்தால்தான் அவர் உட்கார முடியும்!