மரவள்ளி முத்துப் போட்ட தேத்தண்ணி

நல்லூரில் கொடி ஏறிவிட்டால் கோயிலைச் சுற்றியுள்ள கூல்பார்களில் இருக்க இடம் கிடைப்பது பெரும்பாடு. 25 நாள் திருவிழாவுக்கும் சனம் சாமியைக் கும்பிட்ட கையோடு றியோ போன்ற கடைகளுக்குள் குடும்பமாக நுழையும். அந்தக் கூட்டத்தில் கனடாவிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் இருப்பார்கள். கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பள்ளிக்கூடம் விட்டதும் இப்படியான பிள்ளைகள் கூடுகிற இடங்களில் ஒன்று பபிள் ரீக் கடை. பால் விட்ட குளிர் தேத்தண்ணி, அடியில் கறுத்த உருண்டைகள், அவற்றை உறிஞ்சி எடுக்கத் தடித்த குழாய். அந்த உருண்டைகள் வேறொன்றுமில்லை, மரவள்ளிக்கிழங்கு மாதான்.

இந்தப் பானம் பிறந்தது தாய்வானில், 1980களில். யார் முதலில் செய்தது என்பதில் இரண்டு கடைகள் நெடுங்காலம் மோதிக்கொண்டன. தாய்னான் நகரின் ஹான்லின் கடைக்காரர், சந்தையில் வெள்ளைச் சவ்வரிசி உருண்டைகளைக் கண்டு 1986இல் தேநீரில் போட்டதாகச் சொன்னார். தாய்ச்சுங் நகரின் சுன் ஷுய் டாங் கடையோ, தங்கள் ஊழியர் லின் சியூ-ஹூய் ஒரு கூட்டத்தின்போது தன் குளிர் தேநீருக்குள் உருண்டைகளைக் கொட்டிப் பார்த்ததே தொடக்கம் என்றது. மோதல் வழக்காகி, பத்தாண்டு இழுபட்டு 2019இல் முடிந்தது. காப்புரிமை பெறாத பானத்தை யாரும் செய்யலாம், முதலில் செய்தவர் யார் என்று தீர்மானிக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம்.

உரிமை கொண்டாட ஆள் இல்லாததே அது பரவ வசதியானது. 1990களில் தாய்வானியர் அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தென்கிழக்காசியா, ஐரோப்பா, கனடா. 2020 ஏப்ரலில் கொரோனாக் கட்டுப்பாடுகளை இறுக்கிய சிங்கப்பூர் அரசு பபிள் ரீக் கடைகளையும் மூடச் சொன்னபோது, கடைசி ஒரு குவளைக்காகச் சனம் நள்ளிரவு நெருங்கும்வரை வரிசையில் நின்றது. அதே ஆண்டில் கைத்தொலைபேசிக் குறிப்படங்களிலும் (எமோஜி) அதற்கு ஓர் இடம் கிடைத்தது.

இவ்வளவு மோகம் எதற்கு? அழகான குவளையும் படம் எடுக்கும் ஆசையும் ஒரு பங்கு. சீனி, ஐஸ், பால் எல்லாவற்றின் அளவையும் குடிப்பவரே சொல்லலாம் என்பது இன்னொரு பங்கு. ஆனால் நாக்கை இழுப்பது அந்த மெல்லும் சுகம். குடித்துக்கொண்டே மெல்லுவது யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. ஒடியல் கூழை நினைத்துப் பாருங்கள். பிளாவில் வார்த்த கூழை உறிஞ்சும்போது பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் நண்டும் றாலும் ஒவ்வொன்றாக வாயில் அகப்படும். அதில் மரவள்ளித் துண்டும் உண்டு. கூல்பார் பலூடாவில் கசகசாவும் ஜெலியும் செய்வது இதே வேலைதான்.

மரவள்ளியும் நமக்கு வந்த பயிர்தான். தென்னமெரிக்காவில் தோன்றிய அதை 1786இல் ஒல்லாந்தர் மொரிசியசிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தனர். 1970களில் அரிசி தட்டுப்பட்டபோது நாடு முழுவதும் வயிற்றைத் தாங்கியது அது. நாம் அவித்துச் சம்பலோடு சாப்பிட்டோம், கறி வைத்தோம், பொரித்தோம். மாவெடுத்துச் சவ்வரிசியாக்கி விற்பதில் முந்திக்கொண்டது தமிழ்நாட்டின் சேலம். இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுச் சவ்வரிசி வரத்து நின்றபோது அங்கே தொடங்கிய தொழில் இன்று ஒரு பெரும் வட்டாரத்தையே வாழவைக்கிறது. சேலம் சவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

உருண்டை செய்ய இயந்திரம் கட்டாயமில்லை. சர்க்கரைப் பாகைக் கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிப் பிசைந்து, கயிறுபோல் திரித்து, சிறு துண்டுகளாக வெட்டி உருட்டுவார்கள். நிறையத் தண்ணீரில் அரை மணி நேரமளவு அவித்து, மூடி ஆறவிட்டு, மறுபடி பாகில் ஊறவைப்பார்கள். சில மணி நேரத்தில் உருண்டை இறுகிவிடும். அன்றன்று செய்து அன்றன்றே விற்கவேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம்.

சீனியைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பால் சேர்த்த 473 மில்லிலீற்றர் பபிள் ரீயில் சுமார் 38 கிராம் சீனி இருப்பதாக அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டுக்கு வீடு நீரிழிவு மாத்திரை இருக்கிற ஊரில் இதை வாராவாரம் குடிக்கும் பானமாக்குவது சரியல்ல. தாய்வான் கடைகளில்போல அரைச் சீனி, கால் சீனி என்று கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே விற்கத் தொடங்கும் முதல் நாளிலிருந்தே வரவேண்டும்.

மலையகத் தமிழர் கிள்ளும் கொழுந்து நாட்டிலேயே இருக்கிறது. மரவள்ளி தோட்டத்தில் நிற்கிறது, பனங்கட்டி சந்தையில் கிடக்கிறது. இவை மூன்றும் இருக்க, வெளியிலிருந்து வரும் பொதியை உடைத்து அவித்து விற்பது யாழ்ப்பாணத்துக்கு அழகில்லை. கூல்பார் நடத்துகிறவர்கள் அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்குள் பனங்கட்டிப் பாகில் ஊறிய மரவள்ளி முத்தை ஒரு சட்டி செய்து பார்க்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு முதல் குவளையைக் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேட்கட்டும்.