மதிப்பெண் அட்டையில் யார் கையொப்பம்?

கடற்கரைப் பங்கு ஒன்றில் நான் பணியாற்றிய காலம். காலாண்டுத் தேர்வு முடிந்த ஒரு மாலையில், மீன் விற்கும் தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். நான்காம் வகுப்பில் பயிலும் மகளின் மதிப்பெண் அட்டை அவர் கையில் இருந்தது. "சாமி, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெத்தவங்க கையெழுத்து வேணுமாம். நீங்களே போட்டுக் குடுத்துருங்க" என்றார். நானும் இரக்கத்தால் கையொப்பமிட்டு அனுப்பினேன்; நன்மை செய்ததாகவே எண்ணினேன்.

அது எத்துணைப் பெரிய தவறு என்பது சில வாரங்களில் தெரிந்தது. பெற்றோர் கூட்டத்திற்கு அத்தாய் வரவில்லை. காரணம் கேட்ட ஆசிரியையிடம், "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது டீச்சர், சாமிதான் கையெழுத்துப் போடுவாங்க" என்று சிறுமி கூறினாளாம். ஒன்பது வயதுக் குழந்தையின் உள்ளத்தில் பெற்ற தாயை ஒன்றும் அறியாதவராக ஆக்கியதில் என் பேனாவுக்கும் பங்குண்டு.

அரையாண்டு அட்டை வந்தபோது கையொப்பமிட மறுத்தேன். "அவளையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எந்தப் பாடம் கடினமென்று கேளுங்கள். பிறகு உங்கள் பெருவிரல் ரேகையை வையுங்கள்" என்றேன். அவருக்கு என்மீது வருத்தமே. ஆனால், மகள் வகுத்தல் கணக்கில் தடுமாறுகிறாள் என்பது அன்றிரவுதான் அவருக்குத் தெரியவந்தது. வகுத்தல் என்றால் என்னவென்று மகளையே கேட்டிருக்கிறார். அவள் விளக்கியதும், "அட, இது கூறு போடுறதுதானே!" என்றாராம். 64 சாளையை 12 கூறாக வைத்தால் கூறுக்கு 5, மிச்சம் 4 என்று கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லக்கூடியவர் அவர். அன்று முதல் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பித் தாயும் மகளும் கூறு போட்டார்கள்.

பெற்றோரே, பாடம் கற்பிப்பது ஆசிரியரின் பணி. உங்களிடம் வேண்டப்படுவது வேறு. பள்ளிவிட்டு வரும் பிள்ளையை வாசற்படியிலேயே நிறுத்தி, "எத்தனை மார்க்?" என்று வினவாதீர்கள். உண்ண ஏதேனும் கொடுத்து, அன்று நடந்ததைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். அது எழுதும் வேளையில் தொலைக்காட்சி ஓய்வு கொள்ளட்டும்; கைப்பேசியும் அவ்வாறே, தந்தையின் கைப்பேசி உட்பட! இரவில் நேரத்தோடு உறங்கச் செய்யுங்கள். அண்டை வீட்டுப் பிள்ளையை அளவுகோலாக்காதீர்கள். திருமணம், திருவிழா என்று பள்ளி நாட்களை வீணாக்காதீர்கள். திருவிழாவைச் சொன்னால் பழி என் தலையில்தான் விழும். ஆயினும் கொடியேற்றத்தன்று வகுப்பறைகள் பாதி வெறுமையாவதைக் கண்டவன் நான்.

"கடலுக்குப் போகும் எங்களுக்கு நேரமேது?" என்பர் தந்தையர். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. பள்ளி திறப்பதும் பெரும்பாலும் அந்நாட்களின் இறுதியில்தான். அவ்வேளையிலாவது பிள்ளையின் கைபிடித்து நடந்து சென்று, வகுப்பாசிரியரைக் கண்டு ஒரு வணக்கம் சொல்லி வரலாகாதா? தந்தையும் ஆசிரியரும் பேசிக்கொள்வதைக் காணும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

படிப்பறிவு இல்லையே என்று ஒதுங்குவோருக்கு ஒரு செய்தி. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டுமென 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. அவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டுமென்று அது கூறவில்லை.

ஆண்டுத் தேர்வில் அச்சிறுமியின் கணக்கு மதிப்பெண் பெரிதாக உயர்ந்துவிடவில்லை, 41தான். ஆயினும் அட்டையை என்னிடம் காட்ட ஓடிவந்தாள். பெற்றோர் கையொப்பத்திற்குரிய இடத்தில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. அதன் கீழே, கோடு தாண்டாமல், தாயின் பெயரை அவளே எழுதியிருந்தாள்.