கார்முகம் என்னும் பனைவில்

கதிர்காமத்தில் பழைய ஓட்டு வீடொன்று இடிபடும்போது தெருவோரத்தில் அடுக்கி வைக்கப்படும் பனங்கைகளைக் கண்டவர்களுக்கு, அவற்றின் கருத்த புறவிளிம்பில் உளி எளிதில் இறங்காது என்பதும், அதன்மேல் விரலை ஓட்டினால் ஊசி போன்ற சிலாம்பு ஏறிவிடும் என்பதும் தெரிந்திருக்கும். ஆயினும் கௌடில்யர் தமது அர்த்தசாஸ்திரத்தில் வில்லின் வகைகளைக் கூறுமிடத்து, பனையால் ஆனதற்குக் கார்முகம் என்று பெயர் சொல்லி அதனையே முதலில் வைத்து, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றால் ஆனவற்றைப் பின்னரே சொல்லுகிறார். பனையின் வலிமையை நன்கறிந்தே அம்முதலிடம் தரப்பட்டதென்று கருதுகிறேன். நாணுக்கு அவர் கூறும் பொருள்களுள் நம் புறம்போக்குகளில் பூத்து நிற்கும் எருக்கும் ஒன்று.

வில் வளையும்போது இலக்கை நோக்கிய புறம் இழுபடுகிறது. எய்பவனை நோக்கிய அகம் நெருக்குண்கிறது. ஐரோப்பியர் போற்றிய யூ மரத்தில் இழுவையைத் தாங்கும் வெளிறும் நெருக்கத்தைத் தாங்கும் வைரமும் இயற்கையாகவே அடுத்தடுத்து அமைந்திருப்பதால், தச்சனுடைய சிறு பிழைகளை அது பொறுத்துக்கொள்ளும். பனை பொறுக்காது. ஆண்டு வளையமே இல்லாத அம்மரத்தில் உறுதியான நார்கள் புறவிளிம்பில் நெருங்கி நிற்க, உள்ளே செல்லச் செல்ல நார் அருகிச் சோறு மிகுகிறது. ஆதலின் புறத்து நார் அறுபட்டால் அவ்விடத்தில் சிலாம்பு கிளம்பும். அகத்தில் சோற்றை மிகுதியாக விட்டாலோ அது நசுங்கி வில் கூனிப்போகும்.

பிழை பொறாத மரங்களுக்குப் பொதுவான உபாயம் தடிமனைக் குறைத்து அகலத்தைக் கூட்டுவது. அகலத்தை இரட்டித்தால் விறைப்பு இருமடங்காகும். தடிமனை இரட்டித்தாலோ எட்டு மடங்காவதோடு, அதே வளைவில் மேற்பரப்பு நார்கள் படும் பாடும் இரட்டிக்கும். டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் கிடைத்த, 8,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட எல்ம் மரவிற்கள் அகன்று தட்டையாக இருப்பது இதனாலேயே.

உளி வேலை முடிந்த பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. வில்லின் பிடியைச் சுவரிலுள்ள முளையில் மாட்டி, நாணைச் சிறிது சிறிதாக இழுத்து, பிடிக்கு இருபுறமும் உள்ள வில்லின் கைகள் ஒத்து வளைகின்றனவா என்று நோக்கி, விறைத்து நிற்கும் இடத்தில் மட்டும், அதுவும் அகத்தில் மட்டும், கண்ணாடிச் சில்லால் சுரண்ட வேண்டும். மிகுதியாக வளையும் இடத்தைத் தொடலாகாது. ஒவ்வொரு சுரண்டலுக்குப் பின்னும் பலமுறை வளைத்துவிட்டால்தான் அதன் பயன் தெரியும். இடையே மெல்லிய நெரிவொலி கேட்டால் உடனே நாணைத் தளர்த்தி, வில்லின் புறத்தில் பஞ்சுத் துணுக்கொன்றை ஓட்ட வேண்டும். நார் எழுந்திருந்தால் பஞ்சு அங்கே சிக்கும். சிக்கிய இடத்தில் நூல் சுற்றி இறுகக் கட்டிய பிறகே மீண்டும் நாணில் கை வைக்கலாம்.