தலைக்கவசத்தினுள் அணியும் காதொலிப்பான்: வாங்குமுன் சில கேள்விகள்

காலை ஏழு மணியளவில் ஹாலிஎல சந்தியில் சிறிது நேரம் நின்று அவதானிப்போர் ஒரு காட்சியைத் தவறாமற் காணலாம். பெரகலையிலிருந்து பண்டாரவளை ஊடாக வரும் வீதியும் வெலிமடையிலிருந்து வரும் வீதியும் ஒன்றுசேர்ந்து பதுளை நோக்கிச் செல்லும் அவ்விடத்தில், மோட்டார் சைக்கிளில் வருவோர் சிலர் கையடக்கத் தொலைபேசியைத் தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையில் செருகிக்கொண்டு, தலையை ஒரு புறம் சாய்த்தவாறே உரையாடிச் செல்கின்றனர். விபத்தொன்று நேருமாயின் அந்தத் தொலைபேசியே கன்ன எலும்பைத் தாக்கும் ஆயுதமாகிவிடும். இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் இப்போது காதொலிப்பானுக்கு மாறி வருகின்றனர். மாறுவது நல்லதுதான். ஆனால் எதனை வாங்குவது, எவ்வாறு அணிவது என்பதில் அவர்களுக்குச் சரியான வழிகாட்டல் கிடைப்பதில்லை. தொலைபேசிக் கடையில் இருப்பவர் தம்மிடம் உள்ளதையே நல்லதென்பார்.

நாட்டில் பதிவுசெய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஊவாவின் தோட்டப்புறங்களில் அது ஆடம்பரப் பொருளன்று. தோட்டத்திலிருந்து நகரக் கடைக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரும், தோட்டப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியரும், பதுளையில் வர்த்தகம் புரியும் முஸ்லிம் அன்பரும், தவணைப் பணம் அறவிடச் செல்லும் நிதி நிறுவன ஊழியரும் அதனையே நம்பியுள்ளனர். அவர்களின் தொலைபேசிக்கு வரும் அழைப்புகள் யாவும் வெறும் அரட்டை அல்ல. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் தாய், தனக்குக் கிடைக்கும் பத்து நிமிட ஓய்வில் எடுக்கும் அழைப்பும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். எனவே, 'ஓட்டும்போது தொலைபேசியை மறந்துவிடுங்கள்' என்று இருக்கையில் அமர்ந்தபடி எழுதிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

முதலில் கவனிக்க வேண்டியது பருமன். தலைக்கவசத்தின் உட்பஞ்சு கன்னத்தையும் காதையும் இறுக்கமாக அணைத்திருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் அது பாதுகாப்பான தலைக்கவசமன்று. அந்த இறுக்கத்துக்குள் காதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எப்பொருளும் உள்நோக்கி அழுத்தப்படும். முதல் ஐந்து நிமிடம் எதுவும் தெரியாது. ஹாலிஎலயில் புறப்பட்டவர் பண்டாரவளையை எட்டும்போது காதின் முன்மடல் வலிக்கத் தொடங்கிவிடும். ஆதலால் காதின் குழிவுக்குள் முற்றாக அமர்ந்து, மடலின் மட்டத்துக்கு மேல் எழாத தட்டையான சிறு வகையே ஏற்றது. கீழ்நோக்கித் தண்டு நீளும் வகைகள் பார்வைக்கு அழகானவை. தலைக்கவசத்தை மாட்டும்போது பஞ்சு அந்தத் தண்டைத் தட்டித் திருப்பிவிடும். கழற்றும்போது அது காதிலிருந்து பிடுங்கப்பட்டு வீதியோரக் கானுக்குள் விழுவதும் உண்டு.

இதனை அறிய ஓர் எளிய வழியுண்டு. வாங்கச் செல்லும்போது தமது தலைக்கவசத்தையும் கடைக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். காதொலிப்பானை மாட்டி, அதன்மேல் தலைக்கவசத்தை அணிந்து, பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பர்தா அணிந்து ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்கும், கொண்டை போட்டுத் தலைக்கவசம் அணியும் பெண்களுக்கும் இந்தச் சோதனை மிக அவசியமாகும். துணியின் ஒரு மடிப்பு காதின்மேல் விழுந்தாலே அழுத்தம் கூடிவிடும். அவர்கள் காதொலிப்பானைத் துணிக்குள் முதலில் பொருத்தி, துணியைக் காதின்மேல் மடிப்பின்றி இழுத்துவிட்டு, அதன் பின்னரே தலைக்கவசத்தை அணிய வேண்டும். துணியைத் தளர்த்துவதற்காகப் பெரிய அளவுத் தலைக்கவசம் வாங்குவது தவறு.

கம்பியுள்ளதா, கம்பியற்றதா என்ற கேள்வியும் எழுகிறது. கம்பியுள்ளது மலிவானது, மின்னேற்றம் தேவையில்லை. ஆனால் கம்பி தாடைப் பட்டியில் சிக்கும். தலையைத் திருப்புகையில் இழுபடும். கம்பியற்ற வகையில் அத்தொல்லை இல்லை. அங்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. அவற்றிற் பல, விரல் பட்டாலே இயங்கும் தொடுமுறையைக் கொண்டவை. தலைக்கவசத்தின் பஞ்சு உரசும்போதும் அவை அதனை விரலெனக் கருதி, அழைப்பைத் துண்டிக்கும் அல்லது கடைசியாகப் பேசியவருக்குத் தாமாகவே அழைப்பெடுக்கும். தொடுமுறையை நிறுத்திவைக்கும் வசதி உள்ளதா, அல்லது அழுத்தும் பொத்தான் உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பதுளைப் பகுதியில் பெய்யும் மழையை நாம் அறிவோம். பெட்டியில் ஐ.பி.எக்ஸ்.4 என்றோ அதற்கு மேலான எண்ணோ குறிக்கப்பட்டிருந்தால் தெறிக்கும் நீரையும் வியர்வையையும் அது தாங்கும் எனக் கொள்ளலாம்.

இனி, காதுக்கு வரும் கேட்டைப் பார்ப்போம். தலைக்கவசத்தைச் சுற்றிச் சுழலும் காற்றே பேரொலியை எழுப்புகிறது என்பது பலருக்கு வியப்பளிக்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அது ஏறத்தாழ 90 டெசிபலையும், 160 கிலோமீற்றரில் 110 டெசிபலையும் எட்டுவதாகப் பிரித்தானியாவில் 1990களில் மேற்கொள்ளப்பட்ட அளவீடுகள் காட்டின. உலக சுகாதார நிறுவனமோ வாரத்துக்கு 80 டெசிபல் 40 மணிநேரம், 90 டெசிபல் நான்கு மணிநேரம் என்பதையே பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது. 100 டெசிபலுக்கு இந்த எல்லை வாரம் முழுவதற்குமே அரை மணிநேரத்துக்கும் குறைவாகும். உட்காதிலுள்ள நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. காதிரைச்சலுடன் காது, மூக்கு, தொண்டை வைத்தியரை நாடும் காலத்தில் இழந்ததை மீட்க வழியிருக்காது.

தளர்வாகக் காதில் தொங்கும் மலிவு வகைகளில்தான் இந்த ஆபத்து அதிகம். காற்றொலி உள்ளே புகுவதால் பாட்டுக் கேட்காது. பாட்டுக் கேட்காததால் ஒலியைக் கூட்டுவர். கூட்டிய ஒலி காற்றொலியையும் விஞ்சிச் செவிப்பறையைத் தாக்கும். துவாரத்தை நன்கு அடைக்கும் சிலிக்கன் அல்லது பஞ்சு முனை கொண்டவை வெளியொலியைத் தாமே குறைப்பதால், மெல்லிய ஒலியிலேயே பேச்சு விளங்கும். பெட்டிக்குள் வரும் மூன்று அளவு முனைகளையும் மாற்றி மாற்றிப் பார்க்காமல், ஏற்கெனவே பூட்டியிருப்பதையே ஆயுள் முழுதும் பயன்படுத்துவோர் நம்மிற் பலர். வெளியொலியை மின்னணு முறையில் அகற்றும் விலையுயர்ந்த வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவை விமானத்தின் ஒரே சீரான இரைச்சலுக்கு உகந்தவை. தலைக்கவசத்தினுள் சுழன்றடிக்கும் காற்றிடம் அவை அந்தளவுக்குப் பயன் தருவதில்லை.

அப்படியாயின் காதை நன்கு அடைப்பதையே வாங்கிவிடலாமா? சமவெளியில் ஓடுவோருக்கு இந்த வாதம் பொருந்தக்கூடும். பிபிலையைக் கடந்து செங்கலடி நோக்கி நீளும் வீதியில் காற்றொலிதான் பிரச்சினை. ஹாலிஎலயிலிருந்து வெலிமடைக்கோ பசறைக்கோ செல்பவருக்கு அவ்வாறன்று. அங்கு வளைவுகள் பெரும் வேகத்துக்கு இடமளிப்பதில்லை. காற்றொலியும் அதற்கேற்பக் குறைவே. அந்த வளைவுகளில் கண்ணால் காண முடியாத வாகனத்தைக் காதாலேயே காண வேண்டியுள்ளது. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம், நடுவே இரு பஸ்கள் ஒதுங்கிச் செல்லவே திணறும் அகலம். வளைவுக்கு அப்பாலிருந்து பஸ் சாரதி எழுப்பும் ஹோர்ன் ஒலி அங்கு இரைச்சலன்று, 'நான் வருகிறேன், நீ ஒதுங்கு' என்னும் செய்தி. 2021 மார்ச் 20ஆம் திகதி பசறையில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பலர் மாண்ட துயரமும், 2025 செப்டெம்பரில் எல்ல பகுதியில் நேர்ந்த அதுபோன்ற அனர்த்தமும் இவ்வீதிகள் எத்தகையவை என்பதை நாடு முழுவதற்கும் உணர்த்தின. அவற்றுக்கும் காதொலிப்பானுக்கும் தொடர்பில்லை. ஆனால் பெரிய வாகனமே தவறிவிடும் வீதியில் காதை அடைத்துக்கொண்டு சிறிய வாகனத்தைச் செலுத்துவது எத்துணை விபரீதம் என்பதை விளக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மேலிருந்து கல் உருளும் ஓசையும், மண் சரியும் ஓசையும் இதே காதுக்குத்தான் எட்ட வேண்டும்.

ஆகவே எமது கருத்து, மலைவீதியில் இரு காதையும் அடைக்கவே கூடாதென்பதாகும். பிரான்ஸ் 2015 ஜூலை முதல் வாகனம் செலுத்துவோரும் சைக்கிளோட்டிகளும் காதொலிப்பான் அணிவதை, ஒரு காதிலாயினும் சரி, தடைசெய்துள்ளது. கலிபோர்னியா இரு காதிலும் அணிவதை மட்டும் தடுக்கிறது. ஒரு காதில் அணிவதென்றால் எந்தக் காதில்? நாம் வீதியின் இடதுபுறமாகச் செல்பவர்கள். முந்திச் செல்லும் வாகனம் வலப்புறப் பின்னாலிருந்தே வரும். எனவே இடது காதில் அணிந்து வலது காதைத் திறந்துவைப்பதே பொருத்தம். இதிலும் குறையுண்டு. ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்பதை மூளை இரு காதுகளையும் ஒப்பிட்டே அறிகிறது. ஒன்றை அடைத்தால் ஹோர்ன் கேட்கும். முன்னாலா பின்னாலா, இடமா வலமா என்பது உடனே புலப்படாது.

இக்குறையும் வேண்டாமென்போருக்குத் தலைக்கவசத்தின் காதுப்பகுதியில் ஒட்டப்படும் மெல்லிய ஒலிபெருக்கிகள் உள்ளன. அவை காதை அடைப்பதில்லை, வலிப்பதுமில்லை. விலை கூடுதல். ஒன்றை மாத்திரம் வலியுறுத்த வேண்டும். ஒலிபெருக்கிக்கு இடம் தேடி, உட்பஞ்சுக்குப் பின்னாலுள்ள வெள்ளை நிறக் கெட்டி நுரைப் படையைக் கத்தியால் குடைந்துவிடக் கூடாது. மோதலின் அதிர்ச்சியை உறிஞ்சுவது அந்தப் படைதான். அதனைக் குடைந்த பின்னர் எஸ்.எல்.எஸ். முத்திரை வெளியே ஒட்டியிருப்பதில் பொருளில்லை.

எதை வாங்கினாலும், ஓடும்போது நீண்ட உரையாடலுக்கு அது உதவாது. காற்று ஒலிவாங்கியில் அடிப்பதால் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் சொல்லை விட இரைச்சலே அதிகம் கேட்கும். கிரிக்கெட் வர்ணனை, காலைப் பக்திப் பாடல், கிராஅத் எதுவாயினும், தலைக்கவசத்தைக் கழற்றிய பின்னர் கேட்பதே அதற்குரிய மரியாதையும்கூட. காதொலிப்பானின் உண்மையான பயன், அழைப்பது யாரென்று தெரிந்துகொள்வதே. வீட்டாருக்கும் வெளிநாட்டிலுள்ள தாய்க்கும் தனித்தனி அழைப்பொலியைப் பதிந்துவைத்தால், தொலைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலேயே அழைப்பது யாரென அறியலாம். அடுத்த வளைவைக் கடந்ததும் வீதி சற்று அகலமாகும் இடமொன்று இருக்கும். அங்கு நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, திருப்பி அழைக்கலாம்.