வால்டன் குளக்கரையில் ஒரு குளிர்கால நடை

சென்னை ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பில் இறங்கியிருக்கிறீர்களா? இன்றைய விவேகானந்தர் இல்லம்தான் அந்த ஐஸ் ஹவுஸ். 1840-களில் அமெரிக்காவிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய ஐஸை அங்கேதான் சேமித்து வைத்தார்கள். பாஸ்டன் பக்கத்துக் குளங்களில் வெட்டிய ஐஸ் அது. அப்படி ஐஸ் வெட்டிய குளங்களில் ஒன்று கான்கார்டில் உள்ள வால்டன். போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மகளோடு அதைச் சுற்றி நடக்கப் போனேன்.

பேருக்குத்தான் குளம். ஆழம் 102 அடி! பனியுகம் முடிந்தபோது மண்ணுக்குள் புதைந்து நின்ற ஒரு பெரிய பனிப்பாளம் மெல்ல உருக, அந்தப் பள்ளத்தில் நிலத்தடி நீர் நிறைந்தது. ஓடை ஏதும் உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. சுற்றிலும் பைன், ஓக் மரங்கள். சுற்றுப்பாதை கிட்டத்தட்ட 1.7 மைல்.

102 அடி என்று அளந்து சொன்னவர் தோரோ. அடியே இல்லாத குளம் என்று ஊரில் பேச்சு இருந்தது. 1846 தொடக்கத்தில், ஐஸ் உருகுவதற்கு முன்பு, அவர் அதன் மேலேயே நடந்து நூறு இடங்களுக்கு மேல் கயிறு விட்டுப் பார்த்தார். படகு மாதிரி ஐஸ் ஆடாது, அளவு எடுக்க வசதி.

இவ்வளவு ஆழமான குளம் எப்படி உறைகிறது? தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் அடர்த்தி. மேலே குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்க, கீழே இருப்பது மேலே வரும். முழுக் குளமும் 4 டிகிரிக்கு வந்த பிறகுதான் இந்தச் சுழற்சி நிற்கும். அதற்கும் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்கி உறையும். ஆழம் அதிகமென்றால் இழக்க வேண்டிய வெப்பமும் அதிகம். அதனால் வால்டன் தாமதமாகத்தான் உறையும். ஐஸ் மிதப்பதால் அடியில் மீன்கள் பிழைக்கின்றன.

இவ்வளவும் மகளுக்கு விளக்கிக்கொண்டே வடகரையில் தோரோவின் குடில் இருந்த இடத்துக்கு அருகே போனோம். நடுக்குளத்தில் ஒருவர் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அவரே அங்கே உட்கார்ந்திருக்கிறாரே, கரையோரம் இன்னும் பத்திரம்தானே என்று ஒரு கால் வைத்தேன். மளுக்! முழங்கால் வரை உள்ளே.

என் கணக்குதான் தப்பு. வடகரை தெற்குப் பார்த்தது, நாள் முழுக்க வெயில் விழும். ஆழமில்லாத ஓரத்தில் வெயில் ஐஸைத் தாண்டி மணலைச் சூடாக்க, ஐஸ் அடியிலிருந்தும் கரையும். நடுவில் உள்ள தடிமனை வைத்துக் கரையைக் கணிக்க முடியாது. நடப்பதற்குக் குறைந்தது நாலு அங்குலத் தெளிவான ஐஸ் வேண்டும் என்பார்கள். அதுவும் அந்தந்த இடத்தில் துளைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வெப்பம் மைனஸ் ஆறு. ஷூவுக்குள் தண்ணீர். "அப்பா, தியரி எல்லாம் நல்லாத்தான் சொன்னீங்க" என்றாள் மகள். அவள் பையில் ஒரு ஜோடி சாக்ஸ் இருந்தது, என்னிடம் இல்லை. அதை மாட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றி, வந்த வழியே திரும்பினோம். கார் வரும்போது விரல்களில் உணர்வே இல்லை.

1846-47 குளிர்காலத்தில் இங்கே வெட்டிக் குவித்த ஐஸ் சென்னைக்கு வந்ததா? பெரும்பகுதி கரையிலேயே உருகிக் குளத்துக்கே திரும்பியதாக தோரோ எழுதியிருக்கிறார். 1848 செப்டம்பர் வரை அது முழுசாக உருகவில்லையாம்.

தென்கரை இன்னும் பாக்கி. அடுத்த முறை சாக்ஸ் என் பையிலும் இருக்கும்.