பருவமும் பசுமையும் – 11: சாய்ந்த வெயிலுக்கு ஒரு தோட்டம்

சென்ற வாரம் இலைகள் உதிர்ந்து முடித்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். அதற்குப் பின்வரும் மூன்று மாதம் இங்கிலாந்தின் வீட்டுத் தோட்டங்களில் பெரும்பாலும் ஈரமண்ணும் வெறுங்கிளைகளும்தான். அந்த மூன்று மாதத்துக்கென்றே ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவில். டார்வினின் ஆசிரியர் ஜான் ஹென்ஸ்லோவின் முயற்சியால் உருவாகி 1846-இல் திறக்கப்பட்ட பூங்கா அது. அதற்குள் இருக்கும் இன்றைய குளிர்காலத் தோட்டம் 1970களின் இறுதியில் அமைந்தது.

அதைப் புரிந்துகொள்ள முதலில் சூரியனைப் பார்க்க வேண்டும். டிசம்பர் 21 அன்று சென்னையில் உச்சிவெயில் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் நிற்கும். கேம்பிரிட்ஜில் அதே நண்பகலில் 14 டிகிரிதான். பகலும் எட்டு மணி நேரத்துக்குக் குறைவு. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து வந்து, இலையில்லாத கிளைகளுக்குள் புகுந்து, தண்டிலும் பட்டையிலும் விழுகிறது. எனவே குளிர்காலத்துக்குச் செடி வாங்கப் போகிறவர் பூவை விசாரிப்பதற்கு முன், இந்தச் சாய்ந்த வெயிலில் எது ஒளிரும் என்று விசாரிக்க வேண்டும்.

முதல் இடம் டாக்வுட் செடிக்கு. கோடையில் யாரும் திரும்பிப் பார்க்காத பச்சைப் புதர் அது. இலை கொட்டியதும் அதன் இளந்தண்டுகள் இரத்தச் சிவப்பாக நிற்கும். வெயில் படும்போது புதரே தீப்பற்றியதுபோலிருக்கும். மஞ்சள் தண்டுள்ள வகையும் உண்டு. ஆனால் நிறம் இளந்தண்டில்தான், முதிர்ந்தால் மங்கிவிடும். அதனால் மார்ச் மாதம் தரையோடு ஒட்டக் கவாத்து செய்கிறார்கள். கோடை முழுதும் புதுத் தண்டு விட்டு, அடுத்த குளிருக்கு மறுபடி சிவக்கும். இளஞ்செடிக்கு இது வேண்டாம். வேர் பிடிக்க ஓரிரண்டு ஆண்டு விட்டுவிடுங்கள். பின்னணியில் கரும்பச்சை ஹாலியோ யூ மரமோ இருந்தால் நிறம் இரட்டிப்பாகும்.

அடுத்தது மரப்பட்டை. இந்த வகையில் ஆங்கிலேயத் தோட்டங்கள் அதிகம் கொண்டாடுவது நம் இமயமலை பிர்ச் மரத்தை. காஷ்மீரத்தில் நூல்கள் எழுதப் பயன்பட்ட பூர்ஜ மரம் இதுவே. அதன் மேற்கு இமயமலை வகை மிக வெண்மையானது. 1832-இல் பம்பாயில் இறந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் விக்டர் ழாக்மோனின் பெயரைத் தாங்குகிறது. கேம்பிரிட்ஜுக்கு அருகில் ஆங்கில்சி அபேயில் இம்மரங்களை நெருக்கமாக ஒரு தோப்பாகவே வைத்திருக்கிறார்கள். இடம் குறைந்தவர்களுக்கு ஒற்றை மரம் போதும், சன்னலிலிருந்து தெரியும் இடத்தில்.

மூன்றாவது மணம். குளிரில் பறக்கும் பூச்சிகள் சொற்பம். அவற்றைத் தூரத்திலிருந்தே அழைக்க வேண்டியிருப்பதால் இந்தப் பருவத்துப் பூக்கள் பல சிறுத்திருந்தாலும் மணம் அள்ளிவீசும். விட்ச் ஹேசலின் நூல்போன்ற மஞ்சள் இதழ்கள் கடுங்குளிரில் சுருண்டுகொள்ளும், குளிர் தணிந்ததும் விரியும். நேபாளத்தின் டாப்னே ஜனவரியிலேயே பூத்துவிடும். அதன் பட்டையிலிருந்துதான் நேபாளத்தார் லோக்தா காகிதம் செய்கிறார்கள். இப்படிப்பட்ட செடிகளைத் தோட்டத்தின் கடைக்கோடியில் வைப்பது வீண். குளிரில் யாரும் அவ்வளவு தூரம் நடப்பதில்லை. வாசற்படியோரம், தினமும் போய்வரும் பாதையோரம் வையுங்கள்.

காய்ந்ததையும் கழிக்காதீர்கள். நெதர்லாந்தின் பீட் அவுடால்ஃப் தன் தோட்டங்களில் விதைத்தலைகளையும் புற்களையும் குளிர் முழுதும் நிற்க விடுகிறார். நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவில் அப்படித்தான். காய்ந்த தண்டில் உறைபனி படியும்போது அதுவும் சாய்ந்த வெயிலில் மின்னும். விதை பறவைகளுக்கு, தண்டின் பொந்து பூச்சிகளுக்கு. வசந்தம் வரும்முன் வெட்டினால் போதும்.

இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களுக்கு இவை அத்தனையும் வளரும். டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் டாப்னேயை விட்டுவிடுங்கள்; அந்தக் குளிரைத் தாங்காது. செந்தண்டு டாக்வுட்டில் ஒன்டாரியோவின் சொந்த வகையே உண்டு, அதை நம்பி நடலாம்.

ஒன்று மட்டும் வலியுறுத்துகிறேன். நர்சரிக்கு மே மாதம் போனால் பூத்திருப்பதைத்தான் வாங்குவோம். அதனால்தான் பல தோட்டங்கள் டிசம்பரில் வெறிச்சோடுகின்றன. ஜனவரியில் போங்கள். அதற்கு முன், வெயில் அடிக்கும் ஒரு நண்பகலில் நீங்கள் வழக்கமாக உட்காரும் சன்னலருகே உட்கார்ந்து, ஒளி எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செடிக்கான குழியை அங்கே தோண்டுங்கள்.

அடுத்த வாரம்: பனிக்கடியிலிருந்து முதலில் எழும் கிழங்குச் செடிகள்.