ஒரு டாலர் கிரயமும் இருபத்திரண்டு கோடி டாலர் உடன்பாடும்

நச்சுக் கழிவைப் புதைத்த நிலத்தை ஒருவர் விற்றுவிட்டால், அதனைத் தூய்மை செய்யும் பொறுப்பும் கிரயப் பத்திரத்தோடு கைமாறிவிடுமா? அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் எழுந்த ‘லவ் கெனால்’ வழக்கு இவ்வினாவுக்கு விடை தந்தது. அவ்வழக்கு முழுமையாக முடியப் பதினாறு ஆண்டுகள் ஆயின.

வில்லியம் லவ் என்பார் 1890களில் வெட்டத் தொடங்கிக் கைவிட்ட கால்வாய் அது. பெயரில் உள்ள ‘லவ்’ காதலைக் குறித்ததன்று. ஹூக்கர் என்னும் இரசாயன நிறுவனம் 1942 முதல் ஏறத்தாழ 21,000 டன் கழிவை அதிற் கொட்டி மண்ணிட்டு மூடியது. பின்னர் 1953இல் நகரப் பள்ளி வாரியத்துக்கு அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தது. நிலத்துள் கழிவு உண்டென்பதும், அதனால் கேடு நேரின் நிறுவனம் பொறுப்பேற்காது என்பதும் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தன. அறிந்தே வாங்கிய வாரியம் அங்குப் பள்ளிக்கூடம் கட்டியது! சுற்றிலும் வீடுகள் எழுந்தன. 1970களில் வீடுகளின் நிலவறைகளுள் நச்சு நீர் கசிந்தது. 1978 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் அங்கு நெருக்கடி நிலையை அறிவித்தார், குடும்பங்கள் வெளியேறின.

1979இல் மைய அரசு வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டு ‘சூப்பர்ஃபண்ட்’ எனப்படும் சட்டம் பிறந்தது. கழிவைக் கொட்டியவர் கவனக்குறைவாக நடந்தாரா என்று இச்சட்டம் வினவுவதில்லை. சட்டம் பிறக்குமுன் கொட்டியதற்கும் அவர் பொறுப்பாளியே. பலர் சேர்ந்து கெடுத்த நிலமாயின், பிரித்தறிய இயலாதவிடத்து, முழுச் செலவையும் அவருள் ஒருவரிடமே கேட்கலாம். 1988இல் நீதிபதி கர்ட்டின், ஹூக்கரை முன்னரே வாங்கியிருந்த ஆக்சிடென்டல் நிறுவனம் தூய்மைச் செலவுக்குப் பொறுப்பு எனத் தீர்த்தார். பத்திரத்தின் வாசகம் காப்பாற்றவில்லை.

எனினும் எவ்வளவு செலுத்துவது என்பது எஞ்சியது. சமரசம் புகும் இடம் இதுவே. அரசுக்கு வழக்கை நீட்டாது பணம் கிடைக்கிறது. நிறுவனத்துக்கோ, தீர்த்துக்கொண்ட பொருள் குறித்து ஏனைய பொறுப்பாளிகள் பங்கு கேட்டு வழக்கிட இயலாது என்னும் காப்புக் கிட்டுகிறது. ஆயினும் இது இருவர் மறைவிற் பேசி முடிக்கும் பேரமன்று. மைய அரசு செய்யும் உடன்பாடு பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டு, நீதிமன்றம் ஏற்ற பின்னரே ஆணையாகும்.

நியூயார்க் மாநிலம் தண்டனை இழப்பீடாக 25 கோடி டாலர் கேட்டது. 1994இல் நீதிபதி அதனை மறுத்தார். அவ்வாண்டே மாநிலத்துடன் 9.8 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. 1995 டிசம்பரில் மைய அரசுடன் 12.9 கோடி டாலருக்கு மற்றோர் உடன்பாடு கையெழுத்தாயிற்று.

இத்தொகைகள் குடியிருந்தோர் கைக்குச் சென்றன எனக் கருதுவார் பலர். அவ்வாறன்று, இவை அரசுகள் முன்னரே செய்த செலவுக்கு ஈடு. உடல்நலக் கேட்டுக்கு வழக்கிட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்கள் 1983இல் தனியே பெற்றது ஏறத்தாழ 2 கோடி டாலரே. மண்ணுக்குக் கிடைத்ததைக் காட்டிலும் மனிதர்க்குக் கிடைத்தது மிகக் குறைவு என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

2004இல் அவ்விடம் முதன்மைத் தூய்மைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கழிவு அகற்றப்படவில்லை, களிமண் மூடியின் கீழ் அங்கேயே கிடக்கிறது. அதிலிருந்து கசியும் நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் பணியை 1994 உடன்பாட்டின்படி ஆக்சிடென்டல் ஏற்றது. அப்பணி இன்னும் நடைபெற்று வருகிறது.